எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் 'கடைசி விருந்து': அந்த இரண்டு வாரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் ராத்திரி வாழையிலைக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? உட்கார இடம் கிடைக்காது. ஆட்டிறைச்சி, நண்டு, கோழி வறுவல் எல்லாம் எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். "நாளையிலேர்ந்து சைவம், இன்னைக்கு ஒரு பிடி பிடிச்சிடுவோம்" என்பதுதான் அங்கே எல்லோர் மனக்கணக்கும்.

அது ஒரு மாத விரதம். அதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால், இதே மனக்கணக்கு இன்னோர் இடத்திலும் வேலை செய்கிறது. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தவர்களில் பலர், அந்தத் தேதி நெருங்க நெருங்க வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிடத் தொடங்குகிறார்கள். "ஆபரேஷனுக்கு அப்புறம் இதெல்லாம் கிடைக்காதே" என்ற பயம்தான் காரணம். அங்கே இந்தக் கணக்கு தப்பினால், ஆபரேஷனே தள்ளிப்போகலாம்.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படியுங்கள்.

நம் ஊரில் இது யாருக்கான பிரச்சினை?

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். 2011-இல் இது 44.5 விழுக்காடு. இன வாரியாகப் பார்த்தால், 2019 ஆய்வில் இந்தியர்களிடையே இந்த விகிதம் அதிகமாக இருந்தது.

ஜொகூர், கூலாய் மாவட்டத்தில் இருக்கும் செடெனாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்த ஊரைச் சொன்னால் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போது அதே பக்கத்தில் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. தோட்டத்தில் காலையிலிருந்து உடல் வியர்க்க உழைத்த தலைமுறையின் பிள்ளைகள், இன்று ஷிஃப்ட் வேலை, கம்பெனி பஸ், நடுராத்திரி தாப்பாவ் என்று வாழ்கிறார்கள். உழைப்பின் அளவு மாறிவிட்டது. தட்டில் விழும் சோற்றின் அளவு அவ்வளவாக மாறவில்லை. இது செடெனாக்குக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை.

யாருக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படும்?

உங்கள் எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 1.65 மீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 36.7.

2022-இல் இரண்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து புதிய வழிகாட்டியை வெளியிட்டன. பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால், வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றது அது. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுவதால், நமக்கு அந்த எல்லை 27.5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால், எண் மட்டும் போதாது. உங்கள் நோய்கள், மனநிலை, முன்பு எடுத்த முயற்சிகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்றவை இந்தச் சிகிச்சையைச் செய்கின்றன. தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அரசாங்க வழியில் போக நினைப்பவர்கள் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் பேசி, பரிந்துரைக் கடிதம் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

அந்த இரண்டு வாரக் கட்டுப்பாடு எதற்கு?

ஆபரேஷனுக்கு முன்பு, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு, மருத்துவமனை ஓர் உணவுத் திட்டம் கொடுக்கும். பல இடங்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 கலோரிதான். பெரும்பாலும் புரதப் பானம், கொஞ்சம் காய்கறி, தெளிந்த சூப், நிறைய தண்ணீர்.

"ஆபரேஷன் செஞ்சா எடை குறையத்தானே போகுது, அதுக்கு முன்னாடி ஏன் பட்டினி?" என்று பலருக்குத் தோன்றும். இங்கே முக்கியமான உறுப்பு வயிறு இல்லை. கல்லீரல்.

கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. இந்தச் சிகிச்சை பெரும்பாலும் சின்னத் துளைகள் வழியாக, கேமரா உதவியோடு நடக்கிறது. மருத்துவர் இரைப்பையைத் தொட வேண்டுமென்றால், முதலில் கல்லீரலை ஒரு கருவியால் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லீரல் பெரிதாக, கனமாக, எளிதில் கிழியக்கூடியதாக இருக்கும். தூக்கும்போது ரத்தம் கசியலாம். இரைப்பை கண்ணுக்குத் தெரியாமலேகூடப் போகலாம். அப்படி ஆனால் வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்ய நேரிடும், அல்லது தொடங்கியதை நிறுத்திவிட்டு வேறு தேதி கொடுக்க நேரிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், கல்லீரல் சீக்கிரமே சுருங்கும். ஆஸ்திரேலியாவில் 32 பேரிடம் செய்யப்பட்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு எடுத்தவர்களுக்குக் கல்லீரலின் கன அளவு சராசரியாக 18.7 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவில் 80 விழுக்காடு முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. இரண்டு வாரம் என்ற கணக்கு இப்படித்தான் வலுப்பெற்றது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டுப்பாட்டின் முதல் சில நாள்களில் எடை மடமடவென்று இறங்குவதற்கு இதுதான் காரணம். ஆபரேஷனுக்கு முந்தைய நாள்களில் பிரியாணி, ரொட்டி சானாய், தே தாரேக் என்று விருந்து நடந்தால், அந்தச் சேமிப்பும் தண்ணீரும் திரும்பி வந்துவிடும். கல்லீரல் மறுபடி உப்பும்.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். "முதலில் இத்தனை கிலோ குறைத்துக்கொண்டு வா, பிறகுதான் ஆபரேஷன்" என்று மாதக்கணக்கில் காக்க வைப்பது வேறு. அப்படிக் கட்டாயப்படுத்துவதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்கிறது மேலே சொன்ன 2022 வழிகாட்டி. கல்லீரலைச் சுருக்குவதற்கான குறுகிய காலக் கட்டுப்பாடு வேறு. அது மேசையில் படுக்கப்போகும் உங்கள் பாதுகாப்புக்காக.

தெரிந்தும் ஏன் அதிகமாகச் சாப்பிடுகிறோம்?

இதை 'மன உறுதி இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரிடம், ஒரு வாரம் டயட் இருக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு எல்லோரிடமும் பிஸ்கட்டைக் கொடுத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஏற்கெனவே எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வந்தவர்கள், டயட் வரப்போகிறது என்று கேட்டதும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். டயட் இன்னும் தொடங்கவே இல்லை. அது வருகிறது என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களில் பலர் பல வருடம் டயட் இருந்து களைத்தவர்கள். இப்போது அவர்கள் காதில் விழுவது ஒரு வாரக் கட்டுப்பாடு இல்லை. 'இனி வாழ்நாள் முழுக்க.' இதோடு ஆபரேஷன் பயமும் சேர்ந்துகொள்கிறது.

அதோடு, நம் வீடுகளில் சாப்பாடு வெறும் சாப்பாடாகவும் இருப்பதில்லை. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பசியாறியாச்சா?" என்பதுதான். அம்மாவுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி, தட்டில் இன்னொரு தோசை வைப்பது. "பாவம், அடுத்த வாரத்திலேர்ந்து பிள்ளை ஒண்ணும் சாப்பிட முடியாது" என்று பெரியம்மா மீன் குழம்போடு வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

உண்மையிலேயே அது 'கடைசி'யா?

இல்லை. இந்தப் பழக்கம் முழுவதும் நிற்பது இந்தத் தவறான நம்பிக்கையில்தான்.

இரைப்பையைக் குழாய் போலச் சுருக்கும் சிகிச்சையில், அதன் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போவதால், பலருக்கு முன்பிருந்த பசி இருக்காது. பைபாஸ் முறையில் சின்ன முட்டை அளவுக்கு ஒரு பை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள்.

பிறகு உணவு படிப்படியாகத் திரும்பும். முதலில் தெளிந்த நீராகாரம், அடுத்துக் கெட்டியான பானம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பெரும்பாலோர் வழக்கமான உணவுக்கு வந்துவிடுவார்கள். தோசை திரும்ப வரும், ஆனால் பாதித் தோசை. தீபாவளிப் பலகாரமும் வரும், ஒரு துண்டாக. இனிப்பை அதிகமாகச் சாப்பிட்டால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

இழப்பு எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. நண்பர்களோடு மாமாக் கடையில் விடியும்வரை உட்கார்ந்து சாப்பிட்ட நாள்கள் அதேபோல் திரும்பாது. அதற்காக மனசு கனத்தால் அதுவும் நியாயம்தான். அதைப் பேசித் தீர்க்கலாம். தின்று தீர்க்க முடியாது.

என்ன செய்யலாம்?

வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள். "டயட் இருக்கேன்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். "கல்லீரல் சுருங்கலைன்னா டாக்டர் ஆபரேஷனை நிறுத்திடுவார்" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் காலையில் அம்மாவே பெரியம்மாவுக்குப் போன் போட்டுவிடுவார்.

தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். தீபாவளிக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ மறுவாரம் ஆபரேஷன் என்றால், அந்த இரண்டு வாரமும் போராட்டம்தான். தேதி கொடுக்கும்போதே கேட்டுப் பார்க்கலாம்.

முதல் மூன்று, நான்கு நாள்தான் கடினம். தலைவலி, சோர்வு, எரிச்சல் வரலாம். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்கள், லாரியோ இயந்திரமோ ஓட்டுபவர்கள், அந்த நாள்களுக்கு லீவு அல்லது எம்சி பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கடைக்குப் போக நேர்ந்தால் தே ஓ கோசோங் போதும்.

நீரிழிவு மருந்தை நீங்களாக மாற்றாதீர்கள், மாற்றாமலும் இருக்காதீர்கள். இன்சுலினோ கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று 800 கலோரிக்கு இறங்கினால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

தவறிவிட்டதா? அடுத்த வேளையிலிருந்து திட்டத்துக்குத் திரும்புங்கள். வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மறுநாள் முழுப் பட்டினி கிடப்பது எதுவும் வேண்டாம். உணவியல் நிபுணரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். இதைக் கேட்பது அவர்களுக்குப் புதிதில்லை.

ஆபரேஷன் நாளன்று மட்டும் எதையும் மறைக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால், அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

எப்போது இது வேறு பிரச்சினை?

ஆபரேஷனுக்கு முன் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவது ஒன்று. கையை நிறுத்தவே முடியாமல், வயிறு வலிக்கும்வரை, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு கூனிக் குறுகுவது இன்னொன்று. இது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாகத் தொடர்ந்தால், அது சிகிச்சை தேவைப்படும் ஓர் உணவுக் கோளாறாக இருக்கலாம். இதைச் சொன்னால் ஆபரேஷன் கிடைக்காது என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். சொன்ன ஒரே காரணத்துக்காகக் கதவு மூடிவிடாது. மறைத்தால், ஆபரேஷனுக்குப் பிறகும் அதே பழக்கம் சின்ன வயிற்றோடு மோதும்.

மருத்துவக் குழுவிடம் பேசத் தயக்கமாக இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555-க்கு அழைக்கலாம்.

புரட்டாசி முடிந்ததும் கறிக்கடை திறந்தேதான் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித்தான். இந்த இரண்டு வாரம் கல்லீரலுக்கு வழி விடுங்கள். பெரியம்மாவின் மீன் குழம்பு எங்கேயும் போய்விடாது.