தானே துடிக்கும் இதயம்

2015 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தானமளிக்கப்பட்ட ஓர் இதயம், கடற்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தது. மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவில் இறங்கி, லிசி மருத்துவமனையில் வேறொருவரின் மார்பில் மீண்டும் துடித்தது.

இதயத்திற்கு நான்கு அறைகள். வலப்புற அறைகள் உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றன. இடப்புற அறைகள் உயிர்வளி பெற்ற இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகின்றன. வால்வுகள் அதனைப் பின்னோக்கிப் பாயவிடுவதில்லை. ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் பாய்கிறது. துடிப்புக்கான மின்தூண்டல் வலது மேலறையிலேயே பிறப்பதால், நரம்புத் தொடர்பு அறுந்தாலும் இதயம் இயங்கும்.

ஆயினும் இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். கரோனரித் தமனிகளே அதனைத் தருகின்றன. வெளியே எடுத்த இதயம், குளிரூட்டி வைத்தாலும் சுமார் 4 மணி நேரமே தாங்கும். நம் மார்பிலோ அக்குளிர்ச்சி இல்லை. தமனி அடைபட்டால் தசை விரைவில் அழியத் தொடங்கும். ஆகவே, நெஞ்சுவலியை வாயுத் தொல்லையென ஒதுக்காமல் உடனே மருத்துவமனையை நாடுங்கள்.