தரவு பாயும் வேகத்தை அளப்பது எவ்வாறு?

"இணைப்பு மந்தமாக உள்ளது" என்னும் குறை இன்று நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. உடனே கூடுதல் கட்டணம் செலுத்தி, வேகம் மிகுந்த இணைப்பைப் பெற எண்ணுகிறோம். தடை எங்கே உள்ளது என அளந்தறியாமல் செலவிடும் பணம் வீணாகவும் கூடும். ஆகவே, கணினிகளுக்கிடையே தரவு பாயும் வேகத்தை அளக்கும் முறையினை இங்கு காண்போம்.

முதலில் அலகுகளை அறிந்து கொள்வோம். இணைப்பின் வேகத்தை விநாடிக்கு இத்தனை 'பிட்' என்பர். கோப்பின் அளவையோ 'பைட்' எனக் குறிப்பர். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வர இயலாது.

அடுத்து, தாமதம் வேறு, பாய்வு வேறு என்பதை உணர்தல் வேண்டும். குழாயைத் திறந்தபின் முதல் துளி வந்து சேர எடுக்கும் நேரம் தாமதம். ஒரு விநாடியில் குடத்தில் விழும் நீரின் அளவு பாய்வு. அமெரிக்கத் தரைப்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983இல் எழுதிய 'பிங்' என்னும் செய்நிரல், செய்தி ஒன்று சென்று திரும்பும் நேரத்தை அளக்கின்றது. பாய்வை அளப்பதற்கு அவரும் டெரி சிலாட்டரி என்பவரும் 1984ஆம் ஆண்டளவில் 'டிடிசிபி'யை எழுதினர். இரு குழுவினர் தனித்தனியே ஆக்கிய டிசிபி மென்பொருள்களுள் எது சிறந்தது என ஒப்பிட்டறியவே அது பிறந்தது. அதன் வழியில் வந்ததே இன்று பலரும் பயன்படுத்தும் 'ஐபெர்ஃப்'.

இதன் செயல்முறை எளியது. ஒரு கணினி தரவைப் பெறக் காத்திருக்கும், மற்றொன்று அனுப்பும். ஐபெர்ஃபின் மூன்றாம் பதிப்பு, நாம் வேறு காலம் குறிப்பிடாவிடில், 10 விநாடிகள் இவ்வாறு அனுப்பும். சென்று சேர்ந்த அளவை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். அனுப்பப்படும் தரவு வன்தட்டிலிருந்து எடுக்கப்படுவதன்று, நினைவகத்திலேயே ஆக்கப்படுவது. இதனால் தட்டின் மந்தம் கணக்கில் கலவாது.

100 மெகாபிட் கம்பி இணைப்பில் அளந்தால் ஏறத்தாழ 94 மெகாபிட் காட்டும். இது பழுதன்று. கடிதத்திற்கு உறையும் முகவரியும் இருப்பதுபோல, ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் தலைப்புச் செய்திகள் உண்டு. எஞ்சிய பங்கு அவற்றிற்கே செல்கின்றது. அதே இரு கணினிகளையும் கம்பியின்றி இணைத்து அளக்கும்போது வேகம் வெகுவாகக் குறைந்தால், தடை நம் வீட்டினுள்ளேயே உள்ளது எனத் தெளியலாம். அந்நிலையில் கட்டணத்தை உயர்த்துவதால் பயனில்லை.

தொலைவும் ஒரு காரணமாகும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 10,000 கிலோமீட்டர் சென்று திரும்பப் பத்திலொரு விநாடி ஆகும். பழைய டிசிபி விதிப்படி, பெற்றதற்கான ஒப்புகை வரும்வரை 65,535 பைட்டுக்கு மேல் அனுப்ப இயலாது. ஆகவே பாதை எத்துணை அகலமாயினும் விநாடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட்டே செல்லும்! இவ்வரம்பைத் தளர்த்தும் முறை 1992இல் வகுக்கப்பட்டது. எனினும் ஒளியின் பயண நேரத்தை எவராலும் நீக்க இயலாது. கடல் கடந்து வாழும் பாட்டனாருடன் உரையாடுகையில் மறுமொழி சற்றுத் தாமதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனை எக்கட்டணமும் முற்றாகப் போக்காது.

மாணவச் செல்வங்களே! ஐபெர்ஃப் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளாகும். பெற்றோரின் இசைவுடன், வீட்டிலுள்ள இரு கணினிகளுக்கிடையே முதலில் கம்பி வழியாகவும், பின்னர் கம்பியின்றியும் அளந்து பாருங்கள். கணினிகளை வெவ்வேறு அறைகளில் வைத்தும், காலையிலும் மாலையிலும் அளந்தும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெற்றோரே! புதிய இணைப்பிற்கு ஒப்பமிடுமுன் அக்குறிப்பேட்டை ஒருமுறை பாருங்கள். குறை எங்கே என்பதை அவ்வெண்களே காட்டிவிடும்.