வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும் கத்தரி

சிறு துளை வழியே கருவிகளை நுழைத்து, கேமரா காட்டும் திரையைப் பார்த்து அறுவை செய்யும் லேப்பராஸ்கோபியைக் கற்க வரும் இளம் மருத்துவரை முதலில் குழப்புவது அவருடைய சொந்தக் கைதான். நீண்ட கருவி வயிற்றுச் சுவரின் சிறு துளையை அச்சாகக் கொண்டு ஆடுகிறது. கையை வலப்பக்கம் தள்ளினால், உள்ளே நுனி இடப்பக்கம் போகும். கண் பார்ப்பதோ வயிற்றை அல்ல, ஆழம் தெரியாத ஒரு திரையை. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூயே இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அதன்பின் நோயாளிக்குத் தழும்பு சிறிதானது, வலி குறைந்தது. சிரமமெல்லாம் மருத்துவரின் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் தலைகீழ் அசைவின் பழக்கத்தை நோயாளியின் உடலில்தான் பெற வேண்டுமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. பாதிப் பேர் வழக்கமான பயிற்சியோடு, கணினித் திரையில் வெறும் உருண்டைகளைப் பிடித்து நகர்த்தியும் பழகினார்கள். பிறகு எல்லாரும் உண்மையான பித்தப்பை அறுவையில் இறங்கினார்கள். கணினியில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

ஆனால் அந்த உருண்டைகளுக்குக் கனமில்லை, இழுத்தால் எதிர்ப்புமில்லை. அயர்லாந்தின் ஹாப்டிகா நிறுவனம் உருவாக்கிய ‘புரோமிஸ்’ என்ற ஆக்மென்டட் ரியாலிட்டி சிமுலேட்டர் அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. அதில் மனித வயிறு போன்ற ஒரு பொம்மை உடல் உண்டு. மருத்துவமனையில் புழங்கும் அதே கருவிகளையே அதன் துளைகளில் நுழைக்கலாம். கருவி முனையருகே சுற்றிய மஞ்சள் நாடாவை உள்ளிருக்கும் கேமராக்கள் விடாமல் பின்தொடரும். திரையில் வருவது பொம்மைக்குள் நடப்பதன் நேரடிக் காட்சி. அதன் மேலேயே கணினி தன் படங்களையும் வழிகாட்டலையும் வரைந்து காட்டும். முடிவில், எடுத்துக்கொண்ட நேரம், நுனி கடந்த தூரம், அசைவு எவ்வளவு சீராக இருந்தது என்ற கணக்கு கைக்கு வரும். தேர்ந்தவரின் கருவி வீணாக அலைவதில்லை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது தையல் நூல். கணினி வரைந்த நூலை எப்படி இழுத்தாலும் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. பொம்மைக்குள் இருப்பது நிஜ நூல். முடிச்சைத் தளர விட்டால் தைத்த வெட்டின் வாய் பிளக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் தைத்த இடம் கிழியும். அந்த இரண்டுக்கும் நடுவே நிறுத்தத் தெரியும்வரை, ஒரே முடிச்சை நூறு தடவையானாலும் போட்டுப் பார்க்கலாம்.