அசையாத படம் அசைகிறது

புகைப்படம் அசைவதில்லை. ஆயினும் வெள்ளித்திரையிலும் கைப்பேசித் திரையிலும் இன்று எத்தனையோ பழைய படங்கள் உயிர்பெற்று அசைவதுபோல் தோன்றுகின்றன. முதலில் ஒரு குடும்பம் முழுவதும் தெரிகிறது. பார்வை மெள்ள மெள்ள நெருங்குகிறது. முடிவில், மூலையில் அன்னையின் புடைவைத் தலைப்பைப் பற்றி நிற்கும் குழந்தையின் முகம் மட்டும் திரை நிறைந்து நிற்கிறது. படத்தில் ஓர் அணுவும் நகரவில்லை. நகர்ந்தது நமது பார்வையே. சஷ்டியப்தபூர்த்திக்கும் நினைவு நாளுக்கும் வீட்டிலேயே படம் தொகுக்கும் வழக்கம் பெருகிவிட்ட இந்நாளில், இவ்வித்தை எங்கிருந்து வந்தது, எவ்வாறு செய்வது, எங்கே நிறுத்துவது என்பவற்றை நேயர்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதுகிறோம்.

பனி மலையில் எறும்புச் சாரி

1896-ஆம் வருஷம் கனடா தேசத்தின் வடமேற்குக் கோடியில், க்ளாண்டைக் பிரதேசத்தில் தங்கம் அகப்பட்டது. செய்தி பரவியதும் பல்லாயிரம் ஜனங்கள் அங்கே புறப்பட்டார்கள். வழியில் சில்கூட் என்ற செங்குத்தான கணவாய். ஒரு வருஷத்துக்கு வேண்டிய உணவும் தளவாடமும் கையில் இல்லாதவர்களைக் கனடா போலீஸார் எல்லைக்குள் விடவில்லை. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அந்தப் பாரத்தைச் சுமந்து, ஒரே பனிச்சரிவில் ஒவ்வொருவரும் பல தடவை ஏறி இறங்க நேர்ந்தது. வெண்பனியில் எறும்புச் சாரிபோல் மனிதர் ஏறும் அக்காட்சியைப் புகைப்படக்காரர்கள் கண்ணாடித் தகடுகளில் பிடித்து வைத்தார்கள்.

சுமார் அறுபது வருஷங்களுக்குப் பின், கனடா தேசியத் திரைப்பட ஸ்தாபனத்தைச் சேர்ந்த காலின் லோ, உல்ஃப் கோனிக் என்னும் இருவர் அத்தகைய படங்களைக் கொண்டே ‘பொன் நகரம்’ என்ற குறும்படத்தை ஆக்கினார்கள். அது 1957-ல் வெளிவந்தது. படத்தை மேஜைமீது வைத்து, மேலே காமிராவை நிறுத்தி, இம்மியளவு நகர்த்தி ஒரு பிம்பம், மறுபடி நகர்த்தி ஒரு பிம்பம் என்று எடுக்கவேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள். பத்து விநாடி ஓடும் காட்சிக்கு 240 தடவை இந்தத் தவம்! நகர்வு தள்ளாடாதிருக்க ரோமன் க்ராய்ட்டர் என்பவர் தனிச் சாதனம் ஒன்று அமைத்துக் கொடுத்தார். கான் நகரத்துத் திரைப்பட விழாவில் அவ்வருஷம் ஆவணக் குறும்படத்துக்கான பரிசு இதற்கே கிடைத்தது.

ஒருவர் பெயரே வித்தையின் பெயராயிற்று

இவ்வழியைப் பின்பற்றிப் புகழ்பெற்றவர் அமெரிக்கரான கென் பர்ன்ஸ். 1861 முதல் 1865 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி அவர் எடுத்த ஒன்பது பாகத் தொடர் 1990-ல் தொலைக்காட்சியில் வந்தது. போர் நடந்த காலத்துக் காமிரா, ஓடும் குதிரையைப் பிடிக்க வல்லதன்று. ஒரு படத்துக்கே சில விநாடிகள் பிடித்தன. ஆகவே எஞ்சியவை பாசறையில் அசையாமல் அமர்ந்த வீரர்களும், களத்தில் கிடந்த சடலங்களுமே. பர்ன்ஸ் அம்முகங்களை நிதானமாக நெருங்கினார். வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பின்னணியில் படிக்கச் செய்தார். பார்த்தவர் கண்கள் கலங்கின.

2003-ல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் ‘ஐமூவி’ மென்பொருளில் இவ்வசதியைச் சேர்த்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். காமிரா மேஜையும் பல நாள் உழைப்பும் தேவைப்பட்ட காரியம் அன்று முதல் பள்ளிச் சிறுவனுக்கும் எளிதாயிற்று.

செய்யும் முறை

முறை மிகச் சுலபம். படத்தின்மீது ‘தொடக்கம்’ என்று ஒரு சட்டம், ‘முடிவு’ என்று மற்றொரு சட்டம் வரையவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிம்பங்களைக் கணினியே கணக்கிட்டு நிரப்பிவிடும். சட்டம் சிறுத்தால் நெருங்குதல், பெருத்தால் விலகுதல், அளவு மாறாமல் இடம் மட்டும் பெயர்ந்தால் தடவிச் செல்லுதல். வேறு மென்பொருள்களில் இச்சட்டங்களைக் ‘கீஃபிரேம்’ என்ற குறிகளால் அமைப்பார்கள்.

கவனிக்கவேண்டியவை சில. முதலாவது, பிரதி எடுக்கும் நுட்பம். இன்றைய சாதாரணத் திரையின் அகலம் 1920 புள்ளிகள். ஆறு அங்குல அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் கிடைப்பது 1800. நெருங்கினால் முகம் மங்கிவிடும். 600 வீதமானால் 3600. ஏறக்குறையப் பாதி அகலம்வரை நெருங்கலாம். இரண்டாவது, வேகம். புறப்படும்போதும் நிற்கும்போதும் மெதுவாக இருக்கட்டும். ரயில் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்புவதைப்போல. மூன்றாவது, மிதம். எல்லாப் படங்களும் ஓயாது அசைந்தால் தலை சுற்றும். சில முகங்கள் அசையாமல் நின்றாலே கம்பீரம்.

பார்வையின் தர்மம்

எங்கே தொடங்குவது என்பதில்தான் கதையே இருக்கிறது. 1946-ல் மார்கரெட் பூர்க்-ஒயிட் அம்மையார் எடுத்த மகாத்மாவின் படத்தை அறியாதார் இல்லை. முன்னே பெரிதாக ராட்டை. அதற்கப்பால் தரையில் அமர்ந்து காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார் காந்தியடிகள். ராட்டையில் தொடங்கி முகத்துக்குச் சென்றால், உழைப்பின் வழியே மனிதரைக் காண்கிறோம். முகத்தில் தொடங்கி விலகினால், அம்மனிதர் தம்மினும் பெரிதாக எதை முன்வைத்தார் என்று காண்கிறோம். முகத்தை விட்டு நகரவே இல்லையென்றாலோ, ராட்டை மறைந்துபோகிறது. பத்திரிகை படிக்கும் ஒரு முதியவர் மட்டும் மிஞ்சுகிறார்! படத்தில் ஒரு புள்ளியையும் மாற்றாமலே பொருளை மாற்றிவிட்டோம். குடும்பப் படத்தில் வேண்டாதவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவதும், சரித்திரப் படத்தில் ஒருவரை மட்டும் உயர்த்திப் பிறரை மறைப்பதும் இவ்வகைப் பொய்யே. முழுப் படத்தையும் ஒரு தடவையேனும் காட்டிவிடுவது நேர்மை.

இதனினும் பெரிய சங்கடம் இப்போது வந்திருக்கிறது. 2021 முதல், இறந்தவர் படத்தை இட்டால் அவர் கண்ணிமைத்துத் தலையசைத்துச் சிரிக்கும்படி செய்யும் சாதனங்கள் பொதுஜனங்கள் கைக்கு எட்டிவிட்டன. பாட்டனார் சிரிப்பதைக் கண்டு குடும்பம் மகிழலாம். ஆனால் அது பாட்டனாரின் சிரிப்பன்று, யந்திரத்தின் ஊகம். நெருங்குதலும் தடவுதலும் காமிரா கண்டதையே நமக்குக் காட்டுகின்றன. இதுவோ காணாததைக் கற்பித்துச் சேர்க்கிறது. தலைவர்களின் முகத்துக்கு இவ்வாறு இல்லாத அசைவும் பேசாத பேச்சும் கூட்டத் தொடங்கினால், நாளைய மாணவன் எதைச் சரித்திரம் என்று நம்புவான்?

நாம் செய்யவேண்டியது

மகாகவி பாரதியாரை அசையும் படத்தில் காணும் பாக்கியம் நமக்கு இல்லை. எஞ்சியவை ஐந்து புகைப்படங்களே. அவர் சம்பந்தமான படங்களை அரும்பாடுபட்டுத் திரட்டி ரா. அ. பத்மநாபன் ‘சித்திர பாரதி’யை வெளியிட்டது, ‘பொன் நகரம்’ வெளிவந்த அதே 1957-ல்தான். தேடிக் காத்தவர் இருந்ததால் படம் பிழைத்தது. படம் பிழைத்ததால் முகம் நமக்குத் தெரிகிறது.

ஆகையால் கணினியைத் திறக்குமுன் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். கரையான் தொடுமுன் படங்களை எடுத்துப் பிரதி செய்யுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பெரியோர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாத முகத்தை எவ்வளவு நெருங்கிக் காட்டினும் அது அந்நிய முகமே.