புகையை விழுங்கும் விளக்கு

சீனாவின் பழைய எண்ணெய் விளக்குகள் பார்வைக்கு உணவுப் பாத்திரம் போலவே இருந்தன. உயரமான காலின்மேல் ஒரு கிண்ணம். அதில் கொழுப்போ எண்ணெயோ ஊற்றித் திரியிட்டால் விளக்கு. போரிடும் நாடுகள் காலத்துக்குள் (கி.மு. 5–3ஆம் நூற்றாண்டு) அரண்மனைகளில் வெண்கல விளக்குகள் வந்துவிட்டன. ஹெபெய் மாநிலத்தில் ஜோங்ஷான் அரசர் ஒருவரின் கல்லறையில் கிடைத்த 15 கிண்ண விளக்கு, கிளைவிட்ட மரமாகவே வார்க்கப்பட்டது. கிளைகளில் குரங்குகள் தொங்குகின்றன. கீழே நிற்கும் இருவர் அவற்றுக்குத் தீனி வீசுகிறார்கள். விருந்துக்கூடத்தில் வெளிச்சத்தோடு வேடிக்கையும் வேண்டியிருந்தது போலும்.

எண்ணெய் விளக்கின் பெருந்தொல்லை புகை. ஹான் காலத்துக் கைவினைஞர் அதற்குக் கண்ட தீர்வுதான் சாங்ஷின் அரண்மனை விளக்கு. 1968இல் ஹெபெயின் மான்செங்கில், இளவரசர் லியு ஷெங்கின் மனைவி தோவ் வானின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டது. 48 செ.மீ. உயரம், ஏறத்தாழ 16 கிலோ எடை, வெண்கலத்தின்மேல் பொன்முலாம். மண்டியிட்ட பணிப்பெண் ஒருத்தி இடக்கையால் விளக்கைத் தாங்குகிறாள். வலக்கையை அதற்கு மேலே உயர்த்தியிருக்கிறாள். தொங்கும் அந்த அகன்ற சட்டைக்கைதான் புகைபோக்கி. புகை அதன் வழியே ஏறி, உள்ளீடற்ற உடலுக்குள் இறங்கி, கரியாகப் படிந்துவிடும். சுடரைச் சுற்றியுள்ள இரண்டு வளைந்த தகடுகளை நகர்த்தினால் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டிய பக்கம் திருப்பலாம். தலை உட்படப் பகுதிகள் தனித்தனியே கழன்றுவருவதால் கரியைத் துடைப்பதும் எளிது. இத்தனை வேலையும் அந்தப் பெண்ணின் அமைதியான முகத்தைக் கொஞ்சமும் கெடுக்கவில்லை என்பதே இதன் பெருமை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் சுடரை ஏந்திவந்த விளக்குக்கும் இதுவே முன்மாதிரி.

எளியவர் வீட்டில் இருந்தது மண் அகலோ இரும்புக் கிண்ணமோதான். அங்கே கவலை புகையைவிட எண்ணெய்ச் செலவு. சிச்சுவானின் சியோங் சூளைக் குயவர்கள் கிண்ணத்தை இரட்டைச் சுவராகச் செய்து, பக்கத்துத் துளை வழியே இடைவெளியில் தண்ணீர் ஊற்றினார்கள். கிண்ணம் சூடேறாததால் எண்ணெய் வீணாக ஆவியாகவில்லை. செலவு பாதியளவு மிச்சமாகும் என்று சோங் காலக் கவிஞர் லு யோவ் குறித்திருக்கிறார். திரிக்குக் கோரைத் தண்டின் மென்மையான வெண்ணிற உட்பகுதி பயன்பட்டது. எண்ணெயிலும் தரம் பார்த்தார்கள்: 1637இல் சோங் யிங்சிங் எழுதிய தொழில்நூல் கொழுப்பு மரத்தின் விதைப் பருப்பு எண்ணெயை முதலிலும், கடுகினத்து எண்ணெயை அடுத்தும், துங் எண்ணெயைக் கடைசியிலும் வைக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் மண்ணெண்ணெய் விற்பதற்காகவே கண்ணாடிச் சிம்னி விளக்குகளை மலிவாகப் பரப்பியது. பிறகு மின்சாரம் வந்தது. பழைய விளக்குகள் அலமாரிக்குப் போயின.

இன்று வீட்டு அலங்காரத்துக்கு விற்பவை பெரும்பாலும் நகல்கள்தாம். சாங்ஷின் நகலை நெரிசலான அலமாரியில் திணித்தால் அழகு போய்விடும். சட்டைக்கையின் வளைவு பக்கவாட்டில் தெரியும்படி, தாழ்ந்த மேசையில் தனியாக வைக்க வேண்டும். சிறிய பீங்கான் விளக்குகள் எழுதுமேசைக்கும் புத்தக அடுக்குக்கும் பொருந்தும். உள்ளே மஞ்சள் ஒளி தரும் சிறிய எல்இடி பல்பு போதும். வெள்ளை ஒளியில் வெண்கலம் வெளிறித் தெரியும். எண்ணெய் ஊற்றி ஏற்ற விரும்பினால் திரியைக் குட்டையாக விட்டு, திரைச்சீலைக்கும் மர அடுக்குக்கும் எட்டவே வைப்பது நல்லது. அலங்கார நகல்கள் எல்லாவற்றிலும் புகைவழி உண்மையிலேயே திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. உண்மையான பழம்பொருள் கைக்கு வந்தால், ஒயர் நுழைக்க அதில் துளை போடக் கூடாது. விலையும் மதிப்பும் அத்தோடு விழுந்துவிடும். பக்கத்தில் ஒரு சிறு மின்விளக்கை வைத்து அதன்மேல் ஒளி விழச் செய்தாலே போதும்.