விண்கலத்தைத் தாக்கும் சிறு துகள்

1983ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்க விண்ணோடமாகிய சலெஞ்சரின் சாளரக் கண்ணாடியொன்றில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமான குழி விழுந்தது. அதனை விளைத்தது, உதிர்ந்த வர்ணப்பூச்சின் துணுக்கு. நகத்தாற் சுரண்டினால் உதிரும் பூச்சுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது, நேயர்களே?

வேகத்திலிருந்து வந்தது. பூமியை அண்மையிற் சுற்றும் இரு பொருள்கள் குறுக்கிட்டு மோதும்போது, அவற்றின் சார்பு வேகம் சராசரியாகச் செக்கனுக்கு 10 கிலோமீற்றர் ஆகும். துப்பாக்கிக் குண்டோ செக்கனுக்கு 1 கிலோமீற்றர் அளவே செல்லும்.

இம்மோதலில் எழும் அமுக்கத்தை எளிய பெருக்கலால் மதிப்பிடலாம். அலுமினியத் துகளொன்று அலுமினியச் சுவரைத் தாக்குவதாகக் கொள்வோம். மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது, உலோகத்தின் அடர்த்தி. கனமீற்றருக்கு 2,700 கிலோகிராம். இரண்டாவது, தாக்கப்பட்ட உலோகம் பெறும் வேகம். இரண்டும் ஒரே உலோகமாதலால் அது மோதும் வேகத்திற் பாதி, அதாவது 5 கிலோமீற்றர். மூன்றாவது, உலோகத்தினூடே பாயும் அதிர்ச்சி அலையின் வேகம். ஏறக்குறைய 12 கிலோமீற்றர். வேகங்களை மீற்றராக மாற்றி மூன்றையும் பெருக்கினால், வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 16 இலட்சம் மடங்கு கிடைக்கும். உறுதிமிக்க அலுமினியக் கலப்புலோகமும் சில ஆயிரம் மடங்கையே தாங்கவல்லது.

ஆகவே உலோகத்தின் உறுதி அங்கே கணக்கில் வாராது. அந்த நொடிப்பொழுதில் உலோகம் நீரைப்போல் ஒழுகுகின்றது. குளத்தில் விழும் மழைத்துளி குழி பறிப்பதுபோல் துகள் சுவரைக் குழிக்கின்றது.

சுவரைத் தடிப்பாக்கினால் கலத்தின் பாரம் மிகும். முதலாவது செய்மதி பறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1947இல், வானியலறிஞர் பிரெட் விப்பிள் வேறொரு வழி கூறினார். கலத்தின் சுவருக்கு வெளியே, சிறிது இடைவெளி விட்டு, மெல்லிய தகடொன்றை நிறுத்தவேண்டும் என்பதே அது. தகட்டில் மோதிய துகள் தன் அமுக்கத்தாலேயே நொறுங்கிப் புகைபோல் விரிகின்றது. ஊசிமுனைபோற் குத்தவந்தது பரந்து தட்டுவதாக மாறுவதால், உட்சுவர் தப்புகின்றது. சர்வதேச விண்வெளி நிலையத்தைக் காப்பவை இவ்வகைக் கவசங்களே.

எனினும் அக்கவசங்கள் 1 சென்ரிமீற்றர் அளவான துகள்கள் வரையுமே தடுக்கும். 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவற்றைத் தரையிலிருந்து கண்காணித்து, நிலையத்தை விலகச் செய்யலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையோ கவசத்திற்கும் அடங்கா. கண்ணுக்கும் எளிதில் அகப்படா. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் திகதி, செயலிழந்த ருஷ்யச் செய்மதியொன்றும் அமெரிக்க இரிடியம் செய்மதியொன்றும் மோதி இத்தகைய சிதறல்களைப் பெருக்கின. கவசம் அமைப்பதோடு, விண்ணிற் குப்பை சேராது காப்பதும் மனிதனின் கடமையாயிற்று.