பழைய காருக்கு இரட்டை சைலன்சர்: பவர் கூடுமா, அபராதம் வருமா? மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2018-ல் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 பைக்குகளை இந்தியாவில் அறிமுகம் செய்தது. பக்கத்துக்கு ஒன்றாக மின்னும் இரண்டு சைலன்சர்கள்தான் அவற்றின் அழகே. அதைப் பார்க்கும் பழைய கார் பிரியர்களுக்கும் ஒரு ஆசை வரும்: ‘நம்ம ஹெரால்டுக்கும் பின்னாடி ரெண்டு பைப் வச்சா எப்படி இருக்கும்?’

பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பவர் கூடுமா? போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்? காருக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பைக்குக்கு இரண்டு ஏன்?

இன்டர்செப்டரில் இருப்பது 648 சி.சி. எஞ்சின், 2 சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தொடக்கத்திலேயே தனிப் பாதை. அமெரிக்க வி8 கார்களிலும் இதே கதைதான். 8 சிலிண்டர்களும் நான்கு நான்காக இரண்டு பக்கம் பிரிந்து நிற்பதால், இரண்டு பைப் இயல்பாகவே பொருந்திவிடும்.

நம்ம ஊர் பழைய கார்கள் அப்படி அல்ல. ஒரு காலத்தில் சென்னையை ஒட்டிய பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 948 சி.சி., பிரீமியர் பத்மினி 1089 சி.சி., பெட்ரோல் அம்பாசடர் 1489 சி.சி. மூன்றிலும் 4 சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். 4 சிலிண்டர்களின் புகையும் ஒரே மேனிஃபோல்டில் சேர்ந்து, ஒரே பைப் வழியாக வெளியேறும்.

இதில் கடைசியில் ஒரு ‘ஒய்’ பைப்பை வெல்டிங் செய்து இரண்டாகப் பிரிப்பதால் என்ன நடக்கும்? முன்னால் இருக்கும் ஒற்றைப் பைப் அப்படியேதான் இருக்கிறது. குறுகலான பாலத்தைத் தாண்டிய பிறகு ரோட்டை அகலப்படுத்துவது போலத்தான். நெரிசல் பாலத்தில் இருக்கும்போது, அதைத் தாண்டி ரோடு அகலமாக இருந்து என்ன பயன்? பவர் சொல்லும்படி கூடாது. எடைதான் கூடும்.

பெரிய பைப் போட்டால்?

புகை ஒரே சீராக வருவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. சரியான அளவு பைப்பில் அது வேகமாகப் பாயும்போது, அடுத்து வரும் புகையையும் சேர்த்து இழுத்துச் செல்லும். பைப் தேவைக்கு மேல் பெரிதானால் அந்த வேகம் குறைந்துவிடும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி ‘இழுக்காத’ மாதிரி தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு: ஒன்றரை அங்குல பைப் இரண்டு சேர்ந்தால், பரப்பளவில் ஏறக்குறைய 2.1 அங்குல ஒற்றைப் பைப்புக்குச் சமம். 948 சி.சி. எஞ்சினுக்கு அது அதிகம்.

அப்படியும் மாட்டத்தான் வேண்டுமா? மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

* பைப் எந்த வழியில் போகும்? ஒற்றைப் பைப்புக்காக வடிவமைத்த காரில், இரண்டாவது பைப்புக்கு அடியில் இடம் இருக்காது. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயரிங் ஆகியவற்றை நெருங்கினால் சூடு ஆபத்தாகிவிடும். ஸ்பீடு பிரேக்கரில் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும்.
* என்ன உலோகம்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். இரண்டு பைப் என்றால் ஒவ்வொன்றிலும் பாதிப் புகைதான் போகும். அதனால் பைப் சரியாகச் சூடாகாது, ஈரம் உள்ளேயே தங்கித் துரு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு இந்தப் பிரச்சினை அதிகம். சாதா இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பல வருடம் கூடுதலாக உழைக்கும்.
* கார்புரேட்டர் டியூனிங் உண்டா? புகை வெளியேறும் விதம் மாறினால் பெட்ரோல் - காற்றுக் கலவையும் மாறலாம். வேலை முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அதிகம் சூடாகும். கருத்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது.

உயிர் விஷயம்: புகைக் கசிவு

பழைய கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. அதனால் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜாயின்ட் கூடக் கூட, கசிவுக்கான வாய்ப்பும் கூடும். டிக்கியின் பழைய ரப்பர் வழியாகவோ, தரையில் இருக்கும் துருப்பிடித்த ஓட்டை வழியாகவோ அது உள்ளே வரலாம்.

ஓட்டும்போது தலைவலி, மயக்கம், வாந்தி வருவது போல் இருந்தால் உடனே வண்டியை ஓரம் கட்டி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பைப் முனை பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறுவனம் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவு பாயும். முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் முடங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: இன்றைய புதிய கார்களுக்கான ஒலி வரம்பு 74 டெசிபல், 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 80 டெசிபல். இன்டர்செப்டரின் இரட்டை சைலன்சர் சோதனையில் தேறி, அங்கீகாரம் பெற்று வருவது. அப்படிச் சோதித்துச் சான்று தரும் ஜிஏஆர்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. பட்டறையில் வெல்டிங் செய்த பைப்புக்கு அந்தச் சான்று கிடையாது.

50 வயதைத் தாண்டிய காரா?

இன்னும் கவனம் தேவை. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டைத் தாண்டிய கார்கள் ‘விஏ’ வரிசை எண்ணுடன் பதிவு பெறலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கார் அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. இரண்டாவது பைப்புக்காகச் சேஸிஸையோ பாடியையோ வெட்டினால், அந்தத் தகுதியே கேள்விக்குறியாகிவிடும். வாங்க வருபவர்களும் முதலில் கேட்பது, ‘எல்லாம் ஒரிஜினல்தானா?’ என்றுதான்.

சரி, என்னதான் செய்வது?

கார் வி8 ஆக இருந்து, நிறுவனமே இரட்டை சைலன்சர் கொடுத்த மாடல் என்றால், அதே அளவில் புதிதாகச் செய்து மாட்டுங்கள். 4 சிலிண்டர் ஹெரால்டோ, பத்மினியோ, அம்பாசடரோ என்றால் அந்தப் பணத்தில் ஒரிஜினல் அளவிலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒற்றைப் பைப், புது மேனிஃபோல்டு கேஸ்கெட், ஒரு நல்ல டியூனிங் என முடித்துவிடலாம். வண்டி சுத்தமாக இழுக்கும், புகை உள்ளே வராது. செக்போஸ்ட்டைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைக்கவும் வேண்டாம்.